தெளிந்த நீரும் கலங்கிய நீரும்

மலைநாட்டில் வாழ்வோர்க்கு ஓடை நீரைக் கண்டு செய்தி அறிவது புதிதன்று. பதுளை ஓயாவின் நீர் பளிங்குபோல் ஓடினால் மேலே மலையில் மழையில்லை என்பது பொருள். அதுவே செம்மண் நிறத்தில் கலங்கி வந்தால், கண்ணுக்கெட்டாத ஏதோ ஒரு சரிவில் மண் கரைந்துகொண்டிருக்கிறது என்பது பொருள். மலையேறிச் சென்று பாராமலே, கீழே நின்றபடி நீரின் கலங்கலைக் கொண்டு மேலே நடப்பதை உணர்ந்துகொள்கிறோம் அன்றோ?

மனித உடலின் உள்ளேயும் அத்தகைய ஓர் ஓடை உண்டு. அது மூளையைச் சூழ்ந்து, முள்ளந்தண்டின் உள்ளே இறங்கி, முண்ணாணைத் தழுவிக்கொண்டு ஓடுகிறது. மூளைய முண்ணாண் பாய்பொருள் என்பது அதற்குப் பாடநூல்கள் இட்ட பெயர். சுருக்கமாகத் தண்டுநீர் எனலாம். நல்ல உடலில் இந்நீர் ஊற்றுத் தண்ணீர்போல் தெளிந்திருக்கும். மூளையிலோ அதன் உறைகளிலோ நோய் புகுந்தால் அது கலங்கத் தொடங்கும். அந்தக் கலங்கலை அளந்து சொல்வதே தண்டுநீர்ப் புரதப் பரிசோதனை. மண்டையோட்டைத் திறவாமல் மூளையின் நிலையை அறிவதற்கு வைத்திய உலகம் கண்ட வழிகளுள் இது பழையதும் எளியதும் ஆகும்.

பதுளை நகரைச் சூழ்ந்த தோட்டப்புறங்களில் இந்தப் பரிசோதனையின் பெயரைக் கேட்டதுமே பெற்றோர் நெஞ்சில் அச்சம் புகுந்துவிடுகிறது. பசறையிலிருந்தோ, லுணுகலையிலிருந்தோ, மடுல்சீமையிலிருந்தோ காய்ச்சலால் துவண்ட பிள்ளையொன்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுகிறது. பிள்ளை கண்ணைத் திறந்து பார்ப்பதில்லை, கழுத்தை மடக்க முடியவில்லை, உண்டதெல்லாம் வாந்தியாகிறது. முதுகுத் தண்டில் ஊசியிட்டு நீர் எடுக்க வேண்டும் என்கிறார் வைத்தியர். தாய் திகைக்கிறாள். முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமற் போய்விடும், பிள்ளை பிழைத்தாலும் முடமாகிவிடும் என்று அக்கம்பக்கத்து லயங்களில் அவள் கேட்டிருக்கிறாள். கையொப்பம் இடுவதா, இல்லையா? அவள் தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் பிள்ளையின் உயிருக்கான மணி நேரமாகும். ஆதலால் அந்த அச்சத்திற்கு ஆதாரம் உண்டா என்பதை முதலில் ஆராய்வது நலம்.

முண்ணாண் என்பது மூளையின் தொடர்ச்சியாய் முள்ளந்தண்டின் நடுவே இறங்கும் நரம்புத் தண்டு. ஆனால், அது இடுப்பின் அடிவரை செல்வதில்லை. வளர்ந்தவர்களில் இடுப்பின் முதலாம், இரண்டாம் முள்ளெலும்புகளின் அளவிலேயே அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு இழைகள் மட்டும், நீரில் மிதக்கும் பாசிக்கொடிபோல், அசைந்துகொண்டிருக்கின்றன. வைத்தியர் ஊசியைச் செலுத்தும் இடமோ அதற்கும் கீழே, மூன்றாம் நான்காம் எலும்புகளுக்கு இடையிலோ, நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலோ உள்ள இடைவெளி. முண்ணாண் அங்கே இல்லை. இழைகளும் ஊசிமுனையைக் கண்டு விலகி நழுவக்கூடியவை. தலைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கிறது என்று ஐயமிருந்தால், அதை முன்னரே ஆராய்ந்து பார்க்காமல் வைத்தியர் ஊசியிடுவதில்லை. சிலருக்குப் பின்னர் சில நாள் தலைவலி ஏற்படுவதுண்டு. கால் விளங்காமற் போவதற்குக் காரணமாவது பெரும்பாலும் அந்த ஊசியன்று. ஊசியிடத் தூண்டிய நோயே காரணம்.

நீரை எடுத்துவிட்டால் மூளை வறண்டுபோகாதா என்றும் சிலர் கேட்பர். வளர்ந்தவரின் உடலில் எந்நேரமும் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் தண்டுநீர் இருக்கும். உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் நீரைப் புதிதாகச் சுரந்து பழையதை உறிஞ்சிவிடுகிறது. அதாவது மணிக்கு இருபது மில்லிலீற்றர். பரிசோதனைக்கு எடுப்பதோ சில மில்லிலீற்றர் மட்டுமே. நோயாளி கட்டிலிலிருந்து எழுவதற்கு முன்பே ஊற்று அந்தக் குறையை நிரப்பிவிடும்.

இந்த நீர் இருப்பதையே மனிதர் அறிய நெடுங்காலம் சென்றது. முற்கால வைத்தியர்கள் பிணத்தை அறுக்கும்போது தலையை முதலில் துண்டித்துவிடுவார்கள். நீர் முழுதும் வழிந்துவிடும். உள்ளே வெற்றிடமே காணப்படும். 1764 இல் இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர் தொமெனிக்கோ கொத்துக்னோ, உடலை நிமிர்த்தி நிறுத்தி இடுப்புப் பகுதியில் முள்ளந்தண்டைத் திறந்து பார்த்து, அங்கே தெளிந்த நீர் நிறைந்திருப்பதை எடுத்துக்காட்டினார். உயிருள்ள மனிதரிடமிருந்து அதை ஊசியால் எடுக்கும் முறையை 1891 இல் வெளியிட்டவர் ஜெர்மனியில் கீல் நகரத்து வைத்தியர் ஹைன்ரிஹ் குவிங்கே. தலையில் நீர் கட்டிய குழந்தைகளின் துன்பத்தைத் தணிப்பதே அவர் கருதியது. எடுத்த நீரை வீணாக்காமல் அதன் அழுத்தத்தையும், புரதத்தையும், சர்க்கரையையும் அவர் அளந்து பார்த்தார். சிகிச்சைக்கென எழுந்த முறை இவ்வாறு நோயறியும் முறையாயிற்று.

இனி, புரதத்தை அளப்பதேன் என்ற வினாவுக்கு வருவோம். இரத்தத்தின் திரவப் பகுதியில் 100 மில்லிலீற்றருக்கு 6000 முதல் 8000 மில்லிகிராம் வரை புரதம் இருக்கும். தண்டுநீரிலோ அதே அளவுக்கு 15 முதல் 45 மில்லிகிராம் வரைதான். ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு! இரத்தம் அருகிலேயே ஓடிக்கொண்டிருக்க, இந்நீர் எவ்வாறு இத்துணைத் தூய்மையாக நிற்கிறது? மூளையின் இரத்தக் குழாய்களின் சுவர்களும், நீரைச் சுரக்கும் இழையங்களும் நெருக்கமாய் நெய்த வேலிபோல் நின்று பெரிய புரத மூலக்கூறுகளைத் தடுக்கின்றன. வேலி பழுதுபட்டால் புரதம் கசியும். நோய்க்கிருமி புகுந்து உறைகள் வீங்கும்போது கசிவு மிகும். முள்ளந்தண்டில் கட்டி வளர்ந்து ஓட்டத்தை அடைத்துவிட்டால், அடைப்புக்குக் கீழே புரதம் தேங்கித் தேங்கி, நீர் மஞ்சள் நிறமடைந்து, குழாயில் எடுத்தவுடன் தானே உறைந்துவிடுவதும் உண்டு. ஆகவே புரதத்தின் அளவென்பது வேலியின் நிலையைக் கூறும் சாட்சியாகும்.

அந்தச் சாட்சியைக் கேட்கும் முறைகளில் எளியதொன்றை 1910 இல் ஹங்கேரி நாட்டு நரம்பு வைத்தியர் கால்மான் பாண்டி வகுத்தார். அதற்கு வேண்டிய பொருள் கார்போலிக் அமிலம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் மணமாகப் பழைய தலைமுறையினர் நினைவுகொள்ளும் அதே கார்போலிக்தான். அதன் நிறைகரைசலில் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஒரு துளி தண்டுநீரை அதில் விட்டுக் கருந்துணியின் முன்னே பிடித்துப் பார்க்க வேண்டும். நல்ல நீரானால் துளி கரைந்து மறையும். புரதம் மிகுந்திருந்தால் துளி விழுந்த இடத்தில் நீலம் கலந்த வெண்புகை எழும். மின்சாரமும் இயந்திரமும் இல்லாத இடத்திலும் செய்யத்தக்க சோதனை இது.

ஆயினும் புகை எழுந்தது என்பது மட்டும் போதாது. எவ்வளவு என்ற கணக்கும் வேண்டும். சல்போசாலிசிலிக் அமிலத்தைச் சேர்த்தால் புரதம் திரிந்து நீர் கலங்கும். அளவு தெரிந்த புரதக் கரைசல்களைக் கலங்கச் செய்து, வரிசையாக வைத்து, நோயாளியின் குழாயை அவற்றோடு ஒப்பிட்டால் அளவு கிடைத்துவிடும். பிற்காலத்தில் கண்ணின் இடத்தை ஒளியளக்கும் கருவி பிடித்துக்கொண்டது. இன்றைய ஆய்வுகூடங்களில் புரதத்தோடு சேர்ந்தால் நிறம் மாறும் சாயங்கள் பெரிதும் வழங்குகின்றன. பைரோகலால் சிவப்பு என்னும் சாயம் புரதம் சேர்ந்ததும் ஊதா நீல நிறம் கொள்ளும். அந்நிறத்தின் ஆழத்தை ஒளிமானி அளந்து, சில நிமிடங்களில் எண்ணைக் கூறிவிடும்.

எண் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. ஊசி செல்லும் வழியில் சிறிய இரத்தக்குழாயொன்று கீறப்பட்டால், இரத்தத்தின் புரதம் கலந்து கணக்கைப் பொய்யாக்கும். அதனாலேயே நீரை வரிசையாக மூன்று குழாய்களில் எடுக்கிறார்கள். முதற்குழாய் சிவந்து, கடைசிக் குழாய் தெளிந்திருந்தால் அது ஊசியால் வந்த இரத்தம். மூன்றும் ஒரே சிவப்பாயிருந்தால் தலைக்குள்ளேயே இரத்தக் கசிவு உண்டோ என ஐயுற வேண்டும். பிறந்த குழந்தையில் வேலி இன்னும் முதிராமையால் புரதம் இயல்பாகவே உயர்ந்திருக்கும். பெரியவர்களுக்கு வகுத்த அளவை அங்கே பயன்படுத்தல் ஆகாது. நீரிலுள்ள வெள்ளை அணுக்களோ எடுத்த ஓரிரு மணி நேரத்திலேயே சிதையத் தொடங்குகின்றன. கிருமிகளும் அணுக்களும் சர்க்கரையைத் தின்று குறைத்துவிடும். புரதம் அவற்றினும் நிலையானது. ஆனாலும் மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலன்றி நோய் விளங்காது என்பதனால், குழாய்கள் காலம் தாழ்த்தாமல் ஆய்வுகூடத்தை அடைய வேண்டும். எனவே நோயாளியை நீர் எடுக்கவும் சோதிக்கவும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே கொண்டுவருதல் அவசியமாகிறது.

இங்கேதான் ஊவாவின் மலைப்பாதைகள் கணக்கில் வருகின்றன. காப்பித் தோட்டக் காலத்திலேயே, 1872 இல், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது; 1912 இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியும், பிள்ளைக்காம்பராவும், சிற்றூர் ஆஸ்பத்திரிகளும் அவ்வழியே வந்தவை. 1990 களிலிருந்து தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. எனினும், தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கலாம். காயத்துக்குக் கட்டுப் போடலாம். முள்ளந்தண்டில் நீர் எடுக்க முடியாது. அதற்குப் பதுளைக்கோ அதைப் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கோதான் வரவேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும் நாட்களில் அது எளிதான பயணமன்று.

பாதையை விடவும் பெரிய தடை ஒன்று உண்டு. காசநோய்க் கிருமி மூளையின் உறைகளைத் தாக்கும்போது நோய் ஓசையின்றி வருகிறது. இரண்டு மூன்று கிழமை மெல்லிய காய்ச்சல், விளையாட்டில் மனம் செல்லாமை, காரணமற்ற எரிச்சல், தலைவலி, இடையிடையே வாந்தி. பின்னர் கண் மாறுபார்வையாகும், பிதற்றல் தொடங்கும், நினைவு மங்கும். ஒரே காம்பராவில் குடும்பம் முழுதும் நெருங்கி உறங்கும் லயத்து வாழ்க்கையில், இருமும் பாட்டனின் மூச்சிலிருந்து பேரப்பிள்ளையின் உடலுக்குக் கிருமி செல்வது அரிதன்று. பிதற்றும் பிள்ளையைக் கண்டு, அந்தியில் ஓடைப்பக்கம் போனதால் முனி அடித்துவிட்டது என்று நம்பித் திருநீறு போடுவோரும் உண்டு. திருநீறு போடுவதில் தீங்கில்லை. திருநீறு போட்டுவிட்டுக் காத்திருப்பதிலேதான் தீங்கு உண்டு.

அந்தப் பிள்ளையின் தண்டுநீர் என்ன சொல்லும்? புரதம் 100 மில்லிகிராமைக் கடந்து, சில வேளைகளில் 500 வரையும் ஏறியிருக்கும். சர்க்கரை குறைந்திருக்கும். வெள்ளை அணுக்களுள் நிணநீர்க்கலங்கள் மிகுந்திருக்கும். குழாயை அசைக்காமல் ஓரிரவு வைத்திருந்தால், அதன் நடுவே சிலந்தி வலை போன்ற மெல்லிய திரை படர்வதும் உண்டு. சாதாரண வைரசுக் கிருமியால் வந்த மூளைக்காய்ச்சலானால் புரதம் சிறிதளவே ஏறும். சர்க்கரை பெரும்பாலும் குறையாது. நோயும் பெரும்பாலும் தானே தணியும். வெளியே இருவருக்கும் ஒரே காய்ச்சல், ஒரே வாந்தி. உள்ளேயோ ஒருவருக்கு ஓய்வு போதும். மற்றவருக்கு உடனே தொடங்கி ஓராண்டளவு நீடிக்கும் சிகிச்சை வேண்டும். கிருமியை வளர்த்துக் காண்பதற்குக் கிழமைகள் செல்லும். புரதத்தின் அளவும் சர்க்கரையின் அளவும் அன்றைக்கே கிடைக்கும். அந்த எண்களை நம்பியே வைத்தியர்கள் மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

1940 களில் ஸ்ட்ரெப்டோமைசின் வரும்வரை காசநோய் மூளைக்காய்ச்சலுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ அனைவரும் மாண்டனர். இன்று மருந்துகள் உண்டு. இலங்கை அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. 1949 இல் இலங்கையில் தொடங்கிய பி.சி.ஜி. ஊசி, குழந்தைகளை இந்நோயின் கொடிய வடிவத்திலிருந்து பெருமளவு காக்கிறது. ஆயினும் மருந்து எப்போது தொடங்கப்பட்டது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. நினைவு தெளிவாயிருக்கும்போது வந்த பிள்ளை பெரும்பாலும் நடந்து வீடு திரும்பும். நினைவிழந்தபின் வந்த பிள்ளை பிழைத்தாலும் பார்வையோ, கேள்வியோ, அறிவோ குன்றக்கூடும்.

புரதம் உயர்ந்தாலே கிருமி என்று எண்ணிவிடலும் ஆகாது. 1916 இல், முதலாம் உலகப் போரின்போது, கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்னும் பிரெஞ்சு வைத்தியர் மூவர் கைகால் தளர்ந்த இரு படைவீரர்களின் தண்டுநீரை ஆராய்ந்தனர். புரதம் மிகுந்திருந்தது, வெள்ளை அணுக்களோ கூடவில்லை. உடலின் காப்புப் படையே தன் நரம்பு வேர்களைத் தாக்கும் நோய் அது. இரு கால்களிலும் தொடங்கி மேலேறும் தளர்ச்சியைக் காணும் வைத்தியர் இன்றும் தண்டுநீரில் இந்த அடையாளத்தைத் தேடுகிறார். முதற்கிழமையில் புரதம் இயல்பாகவே இருந்து, இரண்டாம் கிழமையில் உயர்வதும் உண்டு என்பதையும் அவர் மறப்பதில்லை.

இந்த இடத்தில் மலைநாட்டுத் தோட்டங்கள் மறக்கக்கூடாத நிகழ்ச்சியொன்று உண்டு. 1977, 1978 ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ச் சிறுமியர் இருபதுக்கும் மேற்பட்டோர் கால் கைகள் தளர்ந்து விழுந்தனர். பையன்கள் இல்லை, முதியோர் இல்லை. வயதுக்கு வந்த சிறுமியர் மட்டுமே! தொற்றுநோயாயின் ஆண் பெண் என்று பார்க்குமா? வைத்தியர்களான நிமால் சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் இதை ஆராய்ந்து 1981 இல் வெளியிட்டனர். பெண்பிள்ளை பெரியவளானதும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்து உடலைத் தேற்றுவது தமிழர் வழக்கம். அந்த நல்லெண்ணெயில் டிரை கிரெசில் பொஸ்பேட் என்னும் நஞ்சு கலந்திருந்தது. கனிம எண்ணெய் வைத்திருந்த கொள்கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றிச் சென்றதால் அது கலந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினர். மூன்று ஆண்டுகள் கழிந்தும் சிலருக்கு நரம்புக் கோளாறு முற்றாக நீங்கவில்லை. 1930 இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாற்றிலும், 1959 இல் மொரோக்கோ நாட்டில் சமையல் எண்ணெயிலும் புகுந்து ஆயிரக்கணக்கானோரை முடமாக்கியதும் இதே நஞ்சுதான்.

இத்தகைய நஞ்சு நரம்பிழைகளைத் தூரத்து நுனியிலிருந்து கெடுப்பதால், தண்டுநீரின் புரதம் பொதுவாக உயர்வதில்லை. அதாவது, கீழே ஓடை தெளிந்தே ஓடும். ஆய்வுகூடம் சொல்லக்கூடியது இவ்வளவே: வேலி கெடவில்லை, வேறெங்கேனும் தேடுங்கள். தேட வேண்டிய இடமோ சமையலறை. என்ன உண்டாய், யார் கொடுத்தார், எங்கே வாங்கினீர்கள் என்று தாயையும் பாட்டியையும் அமர்ந்து கேட்டாலன்றி அந்த விடை கிடைக்காது. பரிசோதனையின் பெருமையும் எல்லையும் ஒருங்கே விளங்கும் இடம் இது.

இப்போது புரதத்தின் மொத்த அளவோடு நில்லாமல், எந்தப் புரதம் என்றும் பிரித்துப் பார்க்கிறார்கள். 1937 இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி டிசேலியஸ், மின்னோட்டத்தால் புரதங்களைப் பிரிக்கும் முறையை வகுத்தார். அவ்வழி வளர்ந்த நுண்முறைகளால், கிருமியை எதிர்க்கும் புரதம் இரத்தத்திலிருந்து கசிந்ததா, மூளைப் பகுதியிலேயே உற்பத்தியானதா என்பதை, இரத்தத்தையும் தண்டுநீரையும் ஒருங்கே சோதித்து அறியலாம். பாதையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரின் மூக்கிலிருந்து நாட்கணக்கில் நீர் சொட்டினால், அது சளியா, தண்டுநீரா? பீட்டா-2 டிரான்ஸ்பெரின் என்னும் புரதம் சளியில் இராது, தண்டுநீரில் இருக்கும். சில துளிகளைக் கொண்டே மண்டையோட்டின் அடியில் வெடிப்பு உண்டு என்று சொல்லிவிடலாம். இத்தகைய நுண் சோதனைகளுக்குப் பெரும்பாலும் கொழும்பு போன்ற பெருநகர் ஆய்வுகூடங்களையே நாடவேண்டியிருக்கும். புரதத்தின் மொத்த அளவுக்கு அந்த நெடும்பயணம் வேண்டியதில்லை.

தோட்டத்துத் தாய்மார் இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கிழமைகள் கடந்தும் தணியாத காய்ச்சல், வாந்தியோடு கூடிய தலைவலி, மடங்காத கழுத்து, மாறிய பார்வை, தளரும் கால்கள் ஆகிய இவற்றில் எதைக் கண்டாலும் தோட்டத்து டிஸ்பென்சரியோடு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரியை நாடினால் போதும். நீர் எடுக்க வேண்டும் என்று வைத்தியர் கூறும்போது, எதற்காக என்று தயங்காமல் கேட்கலாம். அதைத் தாய்க்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பது வைத்தியரின் கடமை. கேட்டுத் தெளிந்தபின் சம்மதத்தை நாளைக்கென்று தள்ளிவைக்காதிருப்பது பெற்றோரின் கடமை. வீட்டில் யாருக்கேனும் நாட்பட்ட இருமல் உண்டா, பிள்ளைக்கு என்ன மருந்தும் எண்ணெயும் கொடுத்தோம் என்பவற்றை மறையாமல் சொல்வதும் அதனோடு சேர்ந்ததே.

கண்ணாடிக் குழாயில் எழும் வெண்புகை ஒரு பாதி உண்மையைச் சொல்கிறது. மறுபாதி தாயின் வாய்மொழியில் இருக்கிறது. இரண்டும் உரிய நேரத்தில் ஒன்றுசேர்ந்தால், லயத்துப் பிள்ளை மீண்டும் பள்ளிக்கூடப் பாதையில் நடந்துசெல்லும்.